அப்பாவைத் தூக்கும் வேலை

சின்னவளுக்கு அன்றைக்குக் காலையிலேயே கோபம் மூக்கு நுனியில் வந்து உட்கார்ந்துவிட்டது. உட்காராமல் என்ன செய்யும்? பட்டப்படிப்பு, மேல்படிப்பு, பயிற்சி என்று இளமையில் பாதியைக் கரைத்துப் படித்துவிட்டு வந்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தால், வருகிறவர்கள் எல்லாம் "மசாஜ் பண்றது நீங்கதானே?" என்று கேட்டால் யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது? அன்றைக்குக் கேட்டவர், மாரடைப்பு வந்து பிழைத்த தன் அண்ணனைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்திருந்தார். அண்ணனோ வாட்டசாட்டமான ஆள். இரண்டு காலும் திண்ணென்று இருந்தன.

"ஏன் தள்ளிக்கிட்டு வர்றீங்க? அவரு நடக்கலாமே?" என்றாள் சின்னவள்.

"ஐயையோ, ஹார்ட் பேஷண்ட்டுங்க! நடக்க விடலாமா? வீட்டுல ஒரு டம்ளர் தண்ணிகூட எடுக்க விடறதில்ல. அப்படித் தாங்கறோம்."

தாங்கித் தாங்கியே அவரைச் சீக்கிரம் அனுப்பி வைக்கப் போகிறீர்கள் என்று வாய் வரைக்கும் வந்ததை முழுங்கிக்கொண்டாள். "இறங்குங்க சார்" என்றாள் நோயாளியிடம். அவர் தம்பியைப் பார்த்தார். தம்பி கதவைப் பார்த்தார். சின்னவள் அசையவில்லை. கடைசியில் மனிதர் இறங்கினார். விரலில் நாடித்துடிப்பு பார்க்கும் கருவியை மாட்டி, பக்கத்திலேயே இவளும் நடந்து, அந்த நீள அறையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு அவரைக் கூட்டிப் போனாள். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் பரீட்சையில் பாஸான பையனின் சிரிப்பு. தம்பி மட்டும், கொலைகாரியைப் பார்க்கிற மாதிரி இவளைப் பார்த்தார்.

அறைக் கதவுக்கு மேலே 'உடல் இயக்கவியல் பிரிவு' என்று கொட்டை எழுத்தில் பலகை இருக்கிறது. படிக்கத்தான் ஆளில்லை. டாக்டர் அறுத்துத் தைத்து அனுப்பிவிடுகிறார், சரி. அதற்கப்புறம் அந்த உடம்பு எழுந்து, நடந்து, குனிந்து நிமிர்ந்து, மறுபடி வேலைக்குப் போக வேண்டாமா? அதைக் கவனிக்க ஒரு ஆள் வேண்டாமா? அந்த ஆள்தான் இவள். மருந்து எழுத மாட்டாள். எவ்வளவு தூரம் நடக்கலாம், எவ்வளவு கனம் தூக்கலாம், எந்த மாதிரி மூச்சு வாங்கினால் நிறுத்த வேண்டும் என்று பார்த்துச் சொல்லி, கூடவே நின்று செய்ய வைப்பாள். ஆஸ்பத்திரியில் அவளுக்குக் 'கசரத்து மேடம்' என்று பேர். பெற்ற அப்பாவே, வீட்டுக்கு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "சின்னவ ஆஸ்பத்திரியில டிரில் மாஸ்டர்" என்றுதான் சொல்லுவார். சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு வேறு.

அந்த அப்பாவால்தான் அவளுக்கு நாள்தோறும் வயிற்றெரிச்சல். போன வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடது இடுப்பை உடைத்துக்கொண்டார். ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. எலும்பு அழகாகக் கூடியும்விட்டது. ஆனால் மனிதர் எழுந்திருக்கவில்லை. "முடியலம்மா, காலே இல்லாத மாதிரி இருக்கு" என்று உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். அம்மா காலமாகி வெகுநாளாயிற்று. கல்யாணம் வேண்டாம் என்று அப்பாவோடேயே இருந்துவிட்ட பெரியவள், நீண்ட விடுப்புப் போட்டுவிட்டு அவரைத் தூக்கத் தொடங்கினாள். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கழிப்பறைக்கு, திரும்பக் கட்டிலுக்கு. அவர் பெரியவளின் கழுத்தைச் சுற்றிக் கையைப் போடுவார். அவள் குனிந்து, இடுப்பில் அணைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்குவாள்.

சின்னவள் ஊரின் மறுகோடியில், புருஷன் பிள்ளை என்று வேறு குடித்தனம். ஞாயிற்றுக்கிழமை வருவாள். எழுந்து நிற்க என்ன பயிற்சி, காலைப் பலப்படுத்த என்ன பயிற்சி என்று தானே செய்து காட்டி வீடியோ எடுத்து அனுப்புவாள். மறுநாள் போன் போட்டு, "செஞ்சாரா?" என்பாள். "வலிக்குதுங்கறாருடி" என்பாள் அக்கா. அவ்வளவுதான், ஆரம்பித்துவிடும். "நீதான் செல்லம் குடுத்துக் கெடுக்கறே! தூக்காதே தூக்காதேன்னு தலையால அடிச்சுக்கறேன், நீ காதுலயே போட்டுக்க மாட்டேங்கறே!" என்று இவள் கத்த, அக்கா பேசாமல் போனை வைத்துவிடுவாள்.

சின்னவள் நெஞ்சு நோயாளியையும் தம்பியையும் அனுப்பிவிட்டுத் திரும்பியபோது, கூட வேலை பார்க்கும் தாடிக்காரர் உள் அறையிலிருந்து தலையை நீட்டினார்.

"மேடம், உங்க அக்கா வந்திருக்காங்க."

"எங்க அக்காவா? எதுக்கு?"

"டிப்போவுல அனுப்பியிருக்காங்க. லீவு முடியுதாம். மறுபடி பஸ் ஓட்டலாமான்னு நாமதானே பார்த்துச் சொல்லணும்? நீங்க பார்க்கக் கூடாது, சொந்தக்காரங்க. நான் பார்த்துக்கறேன்."

அக்கா பஸ் டிரைவர். சும்மா டிரைவர் இல்லை. அந்த டிப்போவில் ஆண் டிரைவர்கள் ஒதுங்கிப் போகிற நெரிசல் தடத்தையெல்லாம் வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி ஓட்டியவள். குடும்பத்தில் எல்லோரும் பேசுவதற்குக் கூச்சப்படுகிற விஷயங்களைக்கூட, ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தால் சத்தமாகப் பேசுவாள். வீட்டில் வாய் திறக்காதவள், ரோட்டில் குறுக்கே வருகிறவனை வாங்கு வாங்கென்று வாங்குவாள். அந்த வேலையில்தான் அவள் அவளாக இருந்தாள்.

யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டே வந்திருந்தாள். தேய்த்து மடிப்புக் கலையாமல். ஆனால் தோளில் தொளதொளவென்று தொங்கியது. சின்னவளைப் பார்த்ததும், திருட்டுத்தனம் செய்து மாட்டிக்கொண்ட மாதிரி சிரித்தாள்.

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றாள் சின்னவள்.

"சொன்னா நீ கத்துவே."

தாடிக்காரர் சோதனையை ஆரம்பித்தார். கழுத்தைத் திருப்பச் சொன்னார், திருப்பினாள். படியில் ஏறி இறங்கச் சொன்னார், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். அப்புறம், மணல் மூட்டை வைத்த பெட்டியைத் தரையிலிருந்து தூக்கி மேஜைமேல் வைக்கச் சொன்னார்.

அக்கா பெட்டியிடம் போனாள். குனிந்தாள். கழுத்தை வலப்பக்கம் ஒதுக்கிக்கொண்டாள். இடது இடுப்பை வெளியே தள்ளி, பெட்டியை மார்போடு அணைத்து, மூச்சைப் பிடித்தாள்.

சின்னவள் கிட்டே போய்ப் பார்த்தாள். பெட்டியை யாராவது அப்படித் தூக்குவார்களா? பெட்டிக்கு எதற்குக் கழுத்தை ஒதுக்க வேண்டும்? அக்கா பெட்டியைத் தூக்கவில்லை. அப்பாவைத் தூக்கினாள். அவளுடைய உடம்பு வேறு எப்படித் தூக்குவது என்பதையே மறந்துவிட்டிருந்தது. பெட்டி முழங்கால் உயரம்கூட வரவில்லை. "ஸ்ஸ்" என்று ஒரு சத்தம் வந்தது. அக்கா பெட்டியை நழுவ விட்டுவிட்டு மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

பிரேக் மிதிக்கிற மாதிரி வைத்த பலகையையும் மிதிக்க வைத்துப் பார்த்தார் தாடிக்காரர். வலது காலில் பலமே இல்லை. கட்டைவிரலை ஊசியால் மெல்லக் குத்தினார். "தெரியுதாம்மா?" என்றார். "எது?" என்றாள் அக்கா.

ஊரெல்லாம் போகிற வருகிறவன் நடையைப் பார்த்தே 'இவனுக்கு முட்டி போச்சு, அவளுக்கு முதுகு போச்சு' என்று சொல்லிவிடுகிறவள் சின்னவள். காய்கறிக் கடையில் வரிசையில் நிற்கிறவர்களைக்கூட விட மாட்டாள். ஞாயிறு தவறாமல் அந்த வீட்டுக்குப் போனாள். அப்பாவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவரைத் தூக்குகிறவளின் முதுகைப் பார்க்கவில்லை! தன்மேலேயே அவளுக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரத்தை வழக்கம்போல அக்காமேல் கொட்டினாள்.

"ஏன் சொல்லல? மரத்துப் போற அளவுக்கு விட்டிருக்கே, வாயில என்ன கொழுக்கட்டையா?"

"எப்படி சொல்றது? நீ போன் பண்ணா அப்பா காலைப் பத்திக் கேட்பே. கத்துவே. நான் வச்சிருவேன்" என்றாள் அக்கா. குறையாகக்கூடச் சொல்லவில்லை. பிறகு குரலைத் தாழ்த்தி, "நீ ஒரு வார்த்தை சொன்னா பாஸ் போட்டுருவாரு இல்லடி? வண்டில ஏறிட்டா சரியாயிடும். எனக்குத் தெரியும்" என்றாள்.

"பிரேக்கை மிதிக்க முடியல உனக்கு. வண்டி நிறைய ஜனங்க. நான் சொல்லணுமா?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். வாங்கு வாங்கென்று வாங்குகிறவள், தலையைக் குனிந்துகொண்டாள்.

எலும்பு டாக்டர் வந்து, முதுகை ஸ்கேன் எடுக்க வைத்துப் படத்தைப் பார்த்தார். சுற்றி வளைக்காத மனிதர். "முதுகுல நரம்பு நசுங்குது. இப்பவே தூக்கறதை நிறுத்திட்டு, உங்க தங்கச்சி சொல்ற பயிற்சியை ஒழுங்காப் பண்ணினீங்கன்னா ஒன்றரை மாசத்துல தேறிடலாம். மறுபடி சோதிச்சுப் பார்க்கலாம். இல்ல, இப்படியே தூக்கிக்கிட்டு இருந்தீங்கன்னா ஆபரேஷன்தான். அப்புறம் பஸ்ஸை மறந்துடுங்க" என்றார். டிப்போவும் அந்த ஒன்றரை மாதம்தான் பொறுக்கும். அதற்குமேல் அவள் சீட்டில் வேறு ஆள் உட்கார்ந்துவிடுவான்.

"தூக்காம எப்படி டாக்டர்?" என்றாள் அக்கா. "அப்பாவுக்கு நான்தானே காலு?"

சின்னவள் அரைநாள் விடுப்புப் போட்டாள். நோயாளிகளை எழுப்ப உதவுகிற இடுப்புப் பட்டை ஒன்றை எடுத்துப் பையில் திணித்துக்கொண்டு, அக்காவையும் இழுத்துக்கொண்டு ஆட்டோ ஏறினாள். இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது. வலிக்கிறதோ இல்லையோ, அழுகிறாரோ இல்லையோ, அந்த மனிதரைக் காலூன்ற வைக்காமல் விடப் போவதில்லை.

அப்பா ஜன்னலோர நாற்காலியில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தார். துணைக்கு இருந்த எதிர்வீட்டம்மா இவர்களைப் பார்த்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

"வந்துட்டியா அம்மாடி" என்றார் அப்பா, பெரியவளைப் பார்த்து. "ஒரே பக்கமா உட்கார்ந்து மரத்துப் போச்சு. கொஞ்சம் தூக்கிக் கட்டில்ல விடேன்." பிறகுதான் சின்னவளைக் கவனித்தார். "அடடே, டிரில் மாஸ்டரும் வந்தாச்சா? இன்னிக்கு என்ன, ஞாயித்துக்கிழமையா?"

அக்கா பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. நேராக அவரிடம் போனாள். குனியப் போனவளைச் சின்னவள் பிடித்து இழுத்தாள்.

"நீ போய்ப் பக்கத்து ரூம்ல படு. மல்லாந்து படு. முட்டிக்குக் கீழே தலகாணி வச்சுக்கோ. போ!"

"அவரு..."

"போங்கறேன் இல்ல!"

அக்கா போனாள். சின்னவள் அப்பாவின் இடுப்பில் பட்டையைக் கட்டி, "காலைப் பின்னால இழுங்க. முன்னால சாய்ங்க. இப்ப எழுந்திரிங்க" என்றாள். அப்பா அரிசி மூட்டை மாதிரி கனத்தார். ஒரு இம்மிகூட ஒத்துழைக்கவில்லை. பட்டை இருந்ததால் ஆச்சு, இவளுக்குத் தூக்கத் தெரிந்திருந்ததால் ஆச்சு. கட்டிலில் கொண்டு போய்ச் சேர்ப்பதற்குள் இவளுக்கே நாக்கு தள்ளிவிட்டது. இதையா அக்கா நாள் முழுக்கச் செய்துகொண்டிருக்கிறாள்?

அவரை மல்லாக்கப் படுக்க வைத்தாள். ஆஸ்பத்திரியில் அன்றாடம் செய்கிற சோதனை ஒன்று உண்டு. மல்லாந்து படுத்திருப்பவர் ஒரு காலை நிஜமாகவே தூக்கப் பார்த்தால், மற்றக் காலின் குதிகால் தன்னால் மெத்தையை அழுத்தும். அழுத்தாமல் தூக்க முடியாது. உடம்பின் அமைப்பு அப்படி. பலம் இல்லாமல் கால் எழும்பாமல் போனாலும் சரி, முயற்சி இருந்தால் மறுபக்கம் அழுத்தம் இருக்கும். இத்தனை பேருக்குச் செய்தவள், தன் அப்பாவுக்குச் செய்து பார்த்ததில்லை. அப்பா சொன்னால் சொன்னதுதான் என்று வளர்ந்த வீடு. அவர் முடியவில்லை என்றார், இவளும் முடியவில்லை என்றே எடுத்துக்கொண்டாள். யாராவது முன்பின் தெரியாத ஆளாக இருந்திருந்தால் முதல் நாளே பார்த்திருப்பாள்.

அவருடைய இரண்டு குதிகாலுக்கும் அடியில் உள்ளங்கைகளை வைத்தாள்.

"நல்ல காலைத் தூக்குங்கப்பா."

வலது காலைத் தூக்கினார். இடது குதிகால், அந்த 'காலே இல்லாத' காலின் குதிகால், அவள் கையை மெத்தையோடு சேர்த்து நசுக்கியது.

சின்னவள் கையை அப்படியே வைத்திருந்தாள். "சரி. இப்ப ஆபரேஷன் பண்ண காலைத் தூக்குங்க."

அப்பா கண்ணை இறுக்க மூடினார். பல்லைக் கடித்தார். "அம்மா... முடியலையே..." என்று முனகினார். கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. வலது குதிகால் அவள் கையில் பூப்போலக் கிடந்தது. ஒரு துளி அழுத்தம் இல்லை.

மறுபடி செய்தாள். மறுபடியும் அதேதான்.

கோபத்தில் அவளுக்குக் காது அடைத்தது. ஆனாலும் படித்த படிப்பு ஒரு பக்கம் இழுத்துப் பிடித்தது. பயத்தாலும் இப்படி ஆவதுண்டு. விழுந்த பயத்தில் மனசு காலைத் தூக்க விடாது; அப்படிப்பட்டவரைப் பொய்க்காரர் என்று சொல்லிவிடக் கூடாது. எத்தனை நோயாளிகளிடம் அவள் பொறுமையாகப் பேசியிருக்கிறாள்? அதே பொறுமையை எங்கிருந்தோ பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

"அப்பா, இந்தக் காலுல நல்ல பலம் இருக்கு. என் கை சொல்லுது. பயமா இருக்கா? விழுந்துடுவோம்னு பயமா?"

அவர் போர்வை நுனியை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"யாரும் இல்லாதப்ப எழுந்து பார்த்திருக்கீங்களா?" இப்போது குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

அப்பாவின் கண் சட்டென்று வாசற்படிக்குப் போனது. பக்கத்து அறையைப் பார்த்தது. திரும்பி வந்தது.

"கத்தாதே" என்றார் மெதுவாக. "அவ காதுல விழப் போகுது."

அட, மனுஷனே! சின்னவளுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை தீ ஓடியது. பயந்தவர் பேசுகிற பேச்சா இது? கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இல்லாவிட்டால் அவரைப் பிடித்து உலுக்கியிருப்பாள்.

"எவ்வளவு நாளா?"

அப்பா தாமே கையூன்றி எழுந்து, காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தார். அவ்வளவு சுலபமாக! அதைச் செய்துவிட்டோம் என்றுகூட அவருக்கு உறைக்கவில்லை.

"முதல்ல முடியலதான். சத்தியமா முடியல. அப்புறம்... ஒரு நாள் அவ கடைக்குப் போயிருந்தா. மெல்ல ஊன்றிப் பார்த்தேன். முடிஞ்சுது."

"முடிஞ்சதைச் சொல்றதுக்கு என்ன கேடு?"

"சொன்னா வேலைக்குப் போயிடுவா."

"போகட்டுமே! அவ வேலை, அவ போவா!"

"போனா பொழுது சாஞ்சுதான் வருவா. நான் இந்தச் சுவத்தைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கணும்" என்றார் அப்பா. அவருக்கும் இப்போது ரோஷம் வந்துவிட்டது. "உனக்கென்ன? வர்றே, காலைப் புடிச்சுப் பார்க்கறே, போறே. என் மூஞ்சியை என்னிக்காவது பார்த்திருக்கியா? நடக்கிறவனை யாரு திரும்பிப் பார்க்கறா? அவ வந்து குனிஞ்சு, கழுத்தைக் குடுத்து, தூக்கறா பாரு... அப்பதான் ஒரு ஆளு கிட்ட வந்த மாதிரி இருக்கு."

கட்டில் விளிம்பில் சின்னவளின் பிடி தளர்ந்தது. அந்தத் தனிமை பொய் இல்லை. அது அவள் நெஞ்சில் தைத்தது. ஆனால் தைத்த இடத்திலிருந்தே கோபம் இன்னும் பெரிதாகக் கிளம்பியது. தனிமைக்கு மருந்தா ஒருத்தியின் முதுகெலும்பு?

"அவ முதுகு போச்சுப்பா. காலு மரத்துப் போச்சு. பிரேக்கை மிதிக்க முடியல. இன்னும் கொஞ்ச நாள் உங்களைத் தூக்கினா, அவ வண்டியே ஓட்ட முடியாது. இன்னிக்கு டாக்டர் சொன்னாரு."

அப்பாவின் முகம் வெளுத்தது. "வலிக்குதுன்னு அவ சொல்லவே இல்லையே" என்றார்.

"நீங்க கேட்டீங்களா?"

அப்பா பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். அதே கேள்வி தனக்கும்தான் என்பது சின்னவளுக்குத் தெரிந்தது. தெரிந்ததால் குரல் இன்னும் கூடியது. "கேட்டீங்களாங்கறேன்! ஒரு தடவையாவது?"

"போதும்."

அக்கா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. யூனிஃபார்ம் கசங்கியிருந்தது. முகத்தில் அழுகை இல்லை, ஒன்றும் இல்லை. துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

"அம்மாடி..." என்றார் அப்பா.

அக்கா அவரிடம் வந்தாள். எதிரே நின்றாள். எப்போதும்போலக் குனிந்தாள். எப்போதும்போலக் கழுத்தை வலப்பக்கம் ஒதுக்கிக் கொடுத்தாள். அப்பாவின் கைகள் பழக்க தோஷத்தில் தாமாக எழுந்து அவள் கழுத்தைச் சுற்றிக்கொண்டன.

அக்கா தூக்கவில்லை.

"அக்கா, நிமிரு! அப்படிக் குனியாதே!" சின்னவள் பதறிப்போனாள். நசுங்கிய நரம்புக்கு அதைவிடக் கெடுதலான நிலை கிடையாது.

"நீ வாயை மூடு" என்றாள் அக்கா. ரோட்டில் குறுக்கே வருகிறவனிடம் பேசுகிற குரல். அந்த வீட்டுக்குள் அதுவரை யாரும் கேட்காத குரல். "உன் கத்தலையும் கேட்டாச்சு, இவரு முனகலையும் கேட்டாச்சு. ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருங்க."

பிறகு அப்பாவின் காதருகே சொன்னாள்: "இன்னிக்கு நான் தூக்க மாட்டேன். நீங்களா எழுந்திரிக்கிற வரைக்கும் இப்படியே நிப்பேன். என் முதுகு முறிஞ்சாலும் நிப்பேன். உங்களுக்கு எப்ப தோணுதோ அப்ப எழுந்திரிங்க."

அப்பா கையை எடுக்கப் பார்த்தார். அக்கா அவருடைய மணிக்கட்டுகளைத் தன் கழுத்தோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவள் நெற்றியில் வியர்வை அரும்பி மூக்கு வழியாக இறங்கி அவர் வேட்டியில் சொட்டியது. வலது கால் நடுங்க ஆரம்பித்தது. முதலில் முட்டி, அப்புறம் தொடை. வலி முகத்தில் ஏறிக்கொண்டே போனது. சத்தம் மட்டும் வரவில்லை. அவளிடமிருந்து எப்போதும் வராத சத்தம்தானே அது.

அப்பா அந்த முகத்தைப் பார்த்தார். தம் முகத்துக்கு அவ்வளவு கிட்டத்தில், நாள் தவறாமல் வந்து போன முகத்தை அப்போதுதான் பார்த்தார்.

"வலிக்குதாம்மா?" என்றார்.

"எழுந்திரிங்க."

எழுந்தார்.

ஐயோ, எப்படி எழுந்தார் தெரியுமா! குதிகாலைப் பின்னுக்கு இழுத்து, மார்பை முன்னால் சாய்த்து, தொடையில் பலம் ஏற்றி, ஆட்டம் இல்லாமல், ஒரே சீராக. சின்னவளின் நோயாளிகளில் ஒருத்தர் அப்படி எழுந்திருந்தால் அறையே கைதட்டியிருக்கும். அவளுக்கோ அதைப் பார்க்கப் பார்க்க நெஞ்சு எரிந்தது. கொஞ்சம் தடுமாறியிருக்கலாம். கொஞ்சமாவது தள்ளாடியிருக்கலாம். அந்தக் கருணையைக்கூட அவர் உடம்பு காட்டவில்லை.

அக்கா அவர் கைகளைத் தன் கழுத்திலிருந்து எடுத்துவிட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, நிமிர்ந்தாள். சின்னவள் தாங்கப் போனாள். அக்கா அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"ஒன்றரை மாசம்னாரு இல்ல டாக்டர்?" என்றாள். "எங்கிருந்து ஆரம்பிக்கணும், சொல்லு. இப்பவே."

"முதல்ல... மல்லாந்து படுக்கணும்."

அக்கா அப்பாவின் கட்டிலில் ஏறிப் படுத்தாள். யூனிஃபார்மோடு, நடுக் கட்டிலில், கையைக் காலை நன்றாகப் பரப்பிக்கொண்டு. சின்னவள் அவள் முட்டிகளை மடக்கிவிட்டு, அடியில் தலையணையைக் கொடுத்தாள். மரத்துப்போன அந்தப் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சில்லென்று இருந்தது. இந்தக் காலை அவள் தொட்டு எத்தனையோ காலம் ஆகிவிட்டது.

அப்பா அறையின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை அவருக்கு. ஜன்னலோர நாற்காலியைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். அனுமதி கேட்கிற பிள்ளை மாதிரி, "நான் போய் உட்காரட்டுமாம்மா?" என்றார்.

"வேணாம், நில்லுங்க" என்றாள் அக்கா, கூரையைப் பார்த்தபடியே. "நீங்க நின்னு பார்த்து ரொம்ப நாளாச்சுப்பா. நான் பார்க்கணும்."

அதை அவள் அன்பாகச் சொல்லவில்லை. அவருக்கும் அது புரிந்தது. தலையைத் திருப்பி அவரை அவள் பார்க்க ஆரம்பித்தாள். அப்பா இரண்டு காலையும் ஊன்றி, எதையும் பிடித்துக்கொள்ளாமல், அவள் பார்க்கிற வரைக்கும் நின்றார்.